கழுவிய முகமும் மாறாத அளவுகோலும்

ஓசூர் சிப்காட்டை ஒட்டியுள்ள மூக்கண்டப்பள்ளியில் ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் புழங்கும். வடக்கிலிருந்து வேலைக்கு வந்தவர்களால் இப்போது இந்தியும் சேர்ந்துகொண்டது. கர்நாடக எல்லை பக்கத்திலேயே இருப்பதால் சென்னை, ஹைதராபாத், பெங்களூரு, மும்பை என நான்கு ஊர்களின் சினிமாவும் சீரியலும் விளம்பரமும் இங்குள்ளவர்களின் போனுக்கு வந்து சேர்கின்றன. கூடவே இன்னொரு வகைச் சரக்கும் வருகிறது. ‘மேக்கப் இல்லாமல் எப்படி இருக்கிறார் பாருங்கள்’ என்ற தலைப்பின் கீழ் ஒரு நடிகையின் இரண்டு படங்கள்: ஒன்றில் பட விழாவில் ஜொலிக்கும் முகம், மற்றதில் விமான நிலையத்திலோ ஜிம் வாசலிலோ அவர் எதிர்பாராத நேரத்தில் எடுத்த முகம். நான்கு மொழியிலும் இதற்கு ஒரே வார்ப்புதான். இப்படிப்பட்ட படங்கள் அழகைப் பற்றிய பொய்யை உடைக்கின்றன, ‘அவர்களும் நம்மைப் போலத்தான்’ என்ற ஆறுதலைச் சாதாரணப் பெண்களுக்குத் தருகின்றன என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை தவறு என்று நினைக்கிறேன். மேக்கப்பைக் கழுவிக் காட்டுவதால் அழகின் அளவுகோல் அசைவதில்லை. அதே கோலை வைத்து இன்னொரு பெண்ணை அளந்து பார்க்கிறோம், அவ்வளவே. உண்மையிலேயே பொய் உடைய வேண்டுமானால், அந்த ஜொலிக்கும் முகத்தின் பின்னால் இருக்கிற ஆட்களும் நேரமும் பணமும் கருவிகளும் வெளியே தெரிய வேண்டும்.

இந்தப் படங்களுக்குக் கீழே வரும் பேச்சைக் கவனித்தால் அது இரண்டே வழிகளில் போவது தெரியும். ‘இவளா அது, அடையாளமே தெரியவில்லையே’ என்பது ஒன்று. ‘மேக்கப் இல்லாமலும் எவ்வளவு அழகு’ என்பது மற்றொன்று. முதலாவது ஏளனம், இரண்டாவது பாராட்டு என்று நாம் பிரித்துக்கொள்கிறோம். ஆனால் இரண்டிலும் தேர்வு நடத்துபவர் பார்வையாளர், தேர்வு எழுதுபவர் அந்தப் பெண். கண்ணுக்குக் கீழே கருவளையம், கன்னத்தில் பருத் தழும்பு, உதட்டுக்கு மேலே மெல்லிய ரோமம் இவையெல்லாம் குறை என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பிறகே பேசத் தொடங்குகின்றன. அவற்றைத் தன் முகத்தில் சுமக்கிற, எந்தப் படத்திலும் நடிக்காத ஒரு பெண் இதைப் படிக்கும்போது கற்றுக்கொள்வது என்ன? தன்னிடம் இருப்பது குறைதான், நடிகையிடம் இருந்தாலும் அது குறைதான், அதை மறைக்க அவரிடம் வசதி இருக்கிறது, தன்னிடம் இல்லை. ஆறுதல் என்று தரப்படும் பொருள் இப்படித்தான் கைக்கு வந்து சேர்கிறது.

இது முகத்தைப் பற்றிய ஆர்வம் மட்டுமே என்றால் ஆண்களின் முகத்துக்கும் இதே வேகத்தில் நடக்க வேண்டும். நடப்பதில்லை. தமிழ்நாட்டில் இதற்கு ரஜினிகாந்தைவிடப் பெரிய சாட்சி கிடையாது. திரையில் விக்கும் கருத்த மீசையுமாக வருபவர், மேடைகளிலும் விழாக்களிலும் வழுக்கைத் தலையும் நரைத்த தாடியுமாக, வேட்டியோடு வந்து நிற்கிறார். பல ஆண்டுகளாகவே அப்படித்தான். தமிழ்ச் சமூகம் அதை எளிமை என்று கொண்டாடியது. திரைக்கும் வாழ்க்கைக்கும் கோடு கிழிக்கத் தெரிந்த மனிதர் என்று மதித்தது. சரியான மதிப்புதான் அது. 2011ல் ‘மங்காத்தா’ வந்தபோது அஜித் தன் நரைத்த முடியோடு நாயகனாக நடித்தார். ‘சால்ட் அண்ட் பெப்பர்’ என்ற சொல் அதன்பின் ஊரெங்கும் சலூன் பேச்சாகி, நரைக்கே ஒரு கம்பீரம் வந்தது. அதே வயதில், அதே நரையோடு ஒரு தமிழ் நடிகை நாயகியாக நடித்து, அதை ரசிகர்கள் விசிலடித்து வரவேற்ற படம் எது என்று யோசித்தால் பதில் கிடைப்பது கடினம். அவருக்குக் காத்திருப்பது அக்கா வேடம், பிறகு அம்மா வேடம். ஆணின் மேக்கப் இல்லாத முகம் அவருடைய குணத்துக்குச் சான்றாகிறது. பெண்ணின் மேக்கப் இல்லாத முகம் அவருடைய மோசடிக்குச் சான்றாகிறது. ஒரே செயலுக்கு இரண்டு தீர்ப்பு வருகிறதென்றால், நாம் விசாரிப்பது பொய்யையா, பெண்ணையா என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

திரையில் நாம் பார்க்கும் முகம் எப்படி உருவாகிறது என்பதை இங்கே சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். மேக்கப் அதில் ஒரு சிறு பகுதிதான். எஸ்.எஸ்.வாசனின் ஜெமினி ஸ்டூடியோவில் பல ஆண்டுகள் வேலை பார்த்த எழுத்தாளர் அசோகமித்திரன், ‘பான்கேக்’ என்னும் மேக்கப் பொருள் அங்கே லாரி லாரியாக வாங்கப்பட்டதைப் பதிவு செய்திருக்கிறார். ஹாலிவுட்டில் மேக்ஸ் ஃபேக்டர் 1930களின் பிற்பகுதியில் வண்ணப் படங்களுக்காக உருவாக்கிய பொருள் அது. அன்றைய ஃபிலிமுக்கு ஏராளமான வெளிச்சம் தேவைப்பட்டது. கண்ணைப் பறிக்கும் விளக்குகளுக்கு முன்னால் சாதாரணத் தோல் திட்டுத்திட்டாகத் தெரியும், வேர்வை மின்னும். அதைச் சமன்படுத்தக் கனமான பூச்சு வேண்டியிருந்தது. ஆக, மேக்கப் சினிமாவுக்குள் வந்ததே நடிகையின் முகத்தில் குறை இருந்ததால் அல்ல, கேமராவுக்கும் ஃபிலிமுக்கும் குறை இருந்ததால். பல பத்தாண்டுகள் மேலை நாட்டுக் கலர் ஃபிலிம் வெள்ளைத் தோலுடைய பெண்ணின் படத்தை அளவாக வைத்தே சரிபார்க்கப்பட்டது. கோடாக் நிறுவனத்தின் ‘ஷெர்லி’ அட்டைகள் அதற்குப் பேர்போனவை. நம் மாநிறமும் கருப்பும் அந்த ஃபிலிமில் மங்கித் தெரிந்ததில் வியப்பில்லை. கருவியின் போதாமையை நாம் தோலின் போதாமை என்று படித்துக்கொண்டோம்.

இன்று ஃபிலிம் போய்விட்டது, கருவிகள் பெருகிவிட்டன. ஒரு குளோசப் ஷாட்டுக்கு முன்னால் மேக்கப் கலைஞரும் ஹேர் டிரெஸ்ஸரும் டச்சப் செய்பவரும் வேலை செய்கிறார்கள். கேமராமேன் லென்ஸைத் தேர்ந்தெடுக்கிறார், லைட்மேன்கள் நிழல் விழாதபடி வெளிச்சத்தைத் துணி வழியாக மென்மையாக்குகிறார்கள். படப்பிடிப்பு முடிந்த பின் டி.ஐ. எனப்படும் வண்ணத் திருத்தத்தில் தோலின் நிறம் தனியாகத் தூக்கப்படுகிறது. ‘பியூட்டி ஒர்க்’ என்ற பெயரில் கணினியில் சட்டகம் சட்டகமாகச் சுருக்கமும் பருவும் துடைக்கப்படுகின்றன. தேவையானால் இடுப்பும் குறுக்கப்படுகிறது. இவ்வளவுக்கும் பிறகு திரையில் வருவதை ஒரு மனிதரின் முகம் என்று சொல்வதைவிட, ஒரு குழுவின் உற்பத்தி என்று சொல்வதே சரி. அந்தக் குழுவில் யார் கை ஓங்கியிருந்தது என்பதும் கவனிக்கத் தக்கது. மும்பைத் திரையுலகச் சங்கம் ஒன்று பெண்களுக்கு மேக்கப் கலைஞராக உறுப்பினர் அட்டை தர மறுத்து, சிகை அலங்காரத்தோடு நிறுத்திவைத்திருந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த அந்த வழக்கத்தை 2014 நவம்பரில்தான், மேக்கப் கலைஞர் சாரு குரானா தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் சட்டவிரோதம் என்று நீக்கியது. ஒரு பெண்ணின் முகம் திரையில் எப்படி இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் தூரிகை அவ்வளவு காலம் ஆண்களிடம் மட்டும் இருந்தது.

உற்பத்தி என்ற சொல் ஓசூர்க்காரர்களுக்கு எளிதில் புரியும். டைட்டன் கைக்கடிகாரங்கள் 1980களின் பிற்பகுதியிலிருந்து இந்த ஊரில்தான் செய்யப்படுகின்றன. தனிஷ்க் நகைகளும் இங்கே உருவாகின்றன. கடைக் கண்ணாடிப் பெட்டியில் மின்னும் ஒரு வாட்ச் கேஸ், வெட்டு, தேய்ப்பு, பஃபிங், பாலிஷ், முலாம், சோதனை என எத்தனை மேசைகளைத் தாண்டி வந்தது என்பது அதில் கை வைத்தவர்களுக்குத் தெரியும். பாலிஷுக்கு முந்தைய உலோகத்தைப் படம் பிடித்துப் போட்டு ‘பாருங்கள், இவ்வளவுதான் இதன் லட்சணம்’ என்று யாராவது சொன்னால், அவருக்குத் தொழில் தெரியாது என்றே அங்குள்ளவர்கள் சொல்வார்கள். நடிகையின் முகத்தில் மட்டும் நாம் அந்தத் தொழிலறிவை மறந்துவிடுகிறோம். முடிவான சரக்கு பிறவியிலேயே அப்படி வந்ததாக நம்பி, பிறகு மூலப்பொருளைக் கண்டதும் ஏமாந்துவிட்டதாகக் கோபப்படுகிறோம்.

தமிழ் சினிமா தன் உற்பத்தி முறையை ஒரு முறை தானே வெளிப்படையாகக் காட்டியது. 2007ல் வந்த ‘சிவாஜி’யில், ஒரு பாடலில் ரஜினிகாந்த் வெள்ளைக்காரர் நிறத்தில் தோன்றுகிறார். அது பூச்சு இல்லை. ஒரு வெள்ளைப் பெண்ணை அதே வெளிச்சத்தில் தனியாகப் படமெடுத்து, அவர் தோலின் நிறத்தைக் கணினியில் ரஜினியின் மேல் ஏற்றினார்கள். மாதக்கணக்கில் நடந்த வேலை அது. நிறம் என்பது கணினியில் ஏற்றி இறக்கக்கூடிய ஒன்று என்று கோடிக்கணக்கான ரசிகர்கள் அன்றே பார்த்துவிட்டார்கள். ஆனால் அதே படம் அங்கவை, சங்கவை என்று பெயரிட்டு இரண்டு பெண்களுக்குக் கருப்பு பூசி, அவர்களைப் பார்த்து மற்றவர் அலறி ஓடுவதை நகைச்சுவையாக வைத்தது. சங்ககால வள்ளல் பாரியின் மகள்களுடைய பெயர்கள் அவை. அந்தக் காட்சிகளுக்கு எதிர்ப்பு எழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம். நாயகனின் கருப்பு அவனுடைய கவர்ச்சி, துணைப் பாத்திரத்தில் வரும் பெண்ணின் கருப்பு கேலிப்பொருள். 2021ல் வந்த ‘ஜெய் பீம்’ மிக உயர்ந்த நோக்கம் கொண்ட படம். அதிலும் இருளர் பெண்ணாக நடித்த லிஜோமோள் ஜோஸுக்கு நிறத்தைக் குறைக்க மேக்கப் போட வேண்டியிருந்தது. அவருடைய நடிப்பு பாராட்டுக்குரியது. கேள்வி அவரைப் பற்றியது இல்லை. கருத்த பெண்ணின் கதையைச் சொல்லும்போதும் கருத்த நடிகைக்கு இடம் கிடைப்பது ஏன் இவ்வளவு அரிதாக இருக்கிறது என்பதே கேள்வி. சரிதா, அர்ச்சனா போன்ற நடிகைகளை ஏற்றுக்கொண்ட 1980களுக்குப் பிறகு மும்பையிலிருந்து வெளுத்த நிறத்து நாயகிகளை வரவழைப்பது வழக்கமாகிவிட்டது. தமிழ் பேசும் ஐஸ்வர்யா ராஜேஷ், தன் நிறத்துக்காக ஆரம்ப காலத்தில் நிராகரிக்கப்பட்டதைப் பொதுமேடையில் சொல்லியிருக்கிறார்.

காலம் மாறிவிட்டது, சாய் பல்லவியைப் பாருங்கள் என்று இங்கே ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்பு. நீலகிரி மாவட்டம் கோத்தகிரியிலிருந்து வந்த அவர், 2015ல் வெளியான ‘பிரேமம்’ மலையாளப் படத்தில் மலர் டீச்சராக, கன்னத்துப் பருக்களை மறைக்காமல் நடித்தார். தமிழ்நாட்டிலும் அந்தப் படத்தை ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். 2019ல் பெருந்தொகைக்கு வந்த ஒரு சிவப்பழகு க்ரீம் விளம்பரத்தையும் அவர் மறுத்தார். மேக்கப் இல்லாத படங்களில் இது மட்டும் வேறு வகை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இங்கே யாரும் ஒளிந்திருந்து படமெடுக்கவில்லை. அவரும் இயக்குநர் அல்போன்ஸ் புத்திரனும் சேர்ந்து எடுத்த முடிவு அது. பருவை ‘அம்பலப்படுத்தாமல்’, ஒரு கல்லூரி ஆசிரியைக்குப் பரு இருப்பது இயல்பு என்று கதை அதைக் கடந்துபோனது. அதனால்தான் அது வேலை செய்தது. ஆனாலும் அதற்குப் பின்னான ஆண்டுகளில் எத்தனை நாயகிகள் அந்த வழியில் நடக்க அனுமதிக்கப்பட்டார்கள் என்று பார்த்தால், அவர் இன்னும் ஒரு விதிவிலக்காகவே பேசப்படுகிறார். மேக்கப் இல்லாதது அவருடைய நடிப்புக்கு நிகரான செய்தியாக இன்றும் எழுதப்படுகிறது. வழக்கமாகிவிட்ட ஒன்றைப் பற்றி யாரும் தலைப்புப் போட மாட்டார்கள். வெளிநாட்டிலும் இதே நிலைதான்: 2023 செப்டம்பரில் பாரிஸ் ஃபேஷன் வாரத்துக்கு 56 வயது நடிகை பமீலா ஆண்டர்சன் மேக்கப் இல்லாமல் வந்தது உலகச் செய்தியானது.

இன்னொரு மறுப்பு, இதைவிட வலுவானது. ‘எல்லாம் மேக்கப், கணினி வேலை என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். தெரிந்த பிறகு யார் ஏமாறுகிறார்கள்?’ என்று கேட்கிறார்கள். மனித மனம் அப்படி இயங்குமென்றால் நன்றாக இருந்திருக்கும். 2011ல் பிரிட்டனின் விளம்பர ஒழுங்குமுறை அமைப்பு, ஜூலியா ராபர்ட்ஸும் கிறிஸ்டி டர்லிங்டனும் தோன்றிய இரண்டு அழகுப் பொருள் விளம்பரங்களை, படத்தைத் திருத்திப் பலனை மிகைப்படுத்தியதாகக் கூறித் தடை செய்தது. 2017 முதல் பிரான்சில், மாடலின் உடலைக் கணினியில் மாற்றிய விளம்பரப் படத்தில் ‘திருத்தப்பட்ட படம்’ என்று அச்சிட வேண்டும். 2022 ஜூலை முதல் நார்வேயிலும் அப்படி ஒரு சட்டம் நடைமுறையில் உள்ளது. சமூக ஊடகத்தில் பணம் வாங்கி விளம்பரம் செய்பவர்களையும் அது கட்டுப்படுத்துகிறது. இவையெல்லாம் நல்ல முயற்சிகள். ஆனால் இத்தகைய எச்சரிக்கை வாசகங்களை வைத்து ஆஸ்திரேலியாவில் மரிக்கா டிக்மன் குழுவினர் செய்த ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே முடிவைக் காட்டின: ‘இது திருத்தப்பட்டது’ என்ற வாசகத்தைப் படித்த பெண்களுக்கும் தங்கள் உடலைப் பற்றிய அதிருப்தி குறையவில்லை. பொய் என்று அறிவுக்குத் தெரிகிறது. ஆனால் கண் ஏற்கெனவே ஒப்பிட்டு முடித்துவிடுகிறது.

அந்த ஒப்பீடு எவ்வளவு வேகமாக வேரூன்றும் என்பதற்கு ஃபிஜித் தீவில் நடந்த ஆய்வைச் சொல்ல வேண்டும். அங்கே நல்ல சதைப்பிடிப்பான உடலே செழிப்பின் அடையாளமாக மதிக்கப்பட்டு வந்தது. நட்ரோகா மாகாணத்துக்கு 1995ல்தான் தொலைக்காட்சி வந்தது. ஹார்வர்டைச் சேர்ந்த ஆன் பெக்கர், அப்போதும் மூன்று ஆண்டு கழித்து 1998லும் அங்குள்ள பள்ளி மாணவிகளிடம் ஆய்வு செய்தார். எடை குறைய வேண்டுமென்று தாமாக வாந்தி எடுத்ததாகச் சொன்னவர்கள் 1995ல் ஒருவரும் இல்லை, 1998ல் 11.3 சதவீதம். உணவு பற்றிய மனச்சிக்கலைக் காட்டும் மதிப்பெண் பெற்றவர்கள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 சதவீதமாக உயர்ந்தார்கள். இரண்டு ஆண்டிலும் சுமார் 60 மாணவிகள்தான் ஆய்வில் இருந்தார்கள், எனவே இதை எல்லா ஊருக்கும் அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனால் திரையில் வரும் உருவம் ஒரு சமூகத்தின் பழைய அளவுகோலைச் சில ஆண்டுகளிலேயே தள்ளிவிட முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

தொலைக்காட்சியில் ஒப்பீடு ஒரு நடிகையோடு நின்றது. போன் அதை இன்னும் அருகே கொண்டுவந்துவிட்டது. பல போன்களின் செல்ஃபி கேமராவிலும், செயலிகளின் ஃபில்டரிலும் தோல் தானாகவே வழவழப்பாகிறது, கண் பெரிதாகிறது, தாடை ஒடுங்குகிறது, நிறம் ஓரிரு படி ஏறுகிறது. இப்போது ஒரு பெண் ஒப்பிடுவது தன் முகத்தைத் தன்னுடைய திருத்தப்பட்ட முகத்தோடு. நடிகையோடு ஒப்பிடும்போது ‘அவர் வேறு உலகம்’ என்று விலகிக்கொள்ள ஒரு வழி இருந்தது; தன் படத்திலிருந்து எங்கே விலகுவது? 2020ல் கூகுள் நிறுவனம் தன் பிக்சல் போன்களில் முகத் திருத்தத்தைத் தானாக இயங்காதபடி மாற்றுவதாக அறிவித்ததும், 2024ல் டிக்டாக் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குச் சில அழகு ஃபில்டர்களைக் கட்டுப்படுத்துவதாகச் சொன்னதும் இந்தப் பாதிப்பை நிறுவனங்களே உணர்ந்ததைக் காட்டுகின்றன. இதில் இந்த வட்டாரத்துக்கு ஒரு தனித் தொடர்பு உண்டு. ஓசூருக்கு அருகே கூத்தனப்பள்ளியில் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலை ஐபோனின் உடற்பாகங்களைச் செய்கிறது. அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். உலகின் விலையுயர்ந்த கேமராக்களில் ஒன்றுக்குக் கூடு செய்து தருபவர்கள், ஹாஸ்டலுக்குத் திரும்பிய பின் அதே வகைக் கேமரா உருவாக்கிய முகங்களைப் பார்த்துத் தங்கள் நைட் ஷிப்ட் கண்களை எடை போடுகிறார்கள்.

எடை போடுவதோடு நின்றால் மனவருத்தத்தோடு போகும். அது கடைக்குப் போகிறது, அங்கேதான் ஆபத்து. டச்சப் கலைஞரையும் லைட்மேனையும் வாங்க முடியாதவருக்கு வாங்கக் கிடைப்பது ஒரு ட்யூப் க்ரீம். பெட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள் தோல் நோய்க்குச் சில நாட்களுக்கு மருத்துவர் எழுதித் தருபவை. அவற்றைச் சிவப்பழகு க்ரீமாக மாதக்கணக்கில் தடவினால் முதலில் முகம் வெளுத்துப் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, ரத்த நாளங்கள் தெரிந்து, பருவும் ரோமமும் பெருகும். நிறுத்தினால் எரிச்சல் தாங்காமல் மீண்டும் தடவ வைக்கும். இந்திய தோல் மருத்துவர்கள் இதற்கு ‘ஸ்டீராய்டால் சிதைந்த முகம்’ என்றே ஒரு நோய்ப்பெயர் வைக்கும் அளவுக்கு இது பரவியது. 2018ல் மத்திய அரசு இத்தகைய பல க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. பாதரசம் கலந்த க்ரீம்கள் இன்னொரு வகை. பாதரசம் தோலில் நிறமி உருவாவதைத் தடுக்கும். தோல் வழியே ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் தங்கும். கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் கசியும் ஒரு வகைச் சிறுநீரக நோயுடன் வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்த நோயின் அரிதான ஒரு வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள். இந்திய விதிகளின்படி முகப்பூச்சுகளில் பாதரசத்தை வேண்டுமென்றே சேர்க்கக் கூடாது. தற்செயலாக இருந்தாலும் 10 லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தயாரிப்பாளர் பெயரும் உரிம எண்ணும் இல்லாத டப்பாக்களுக்கு இந்த விதி எதுவும் எட்டுவதில்லை.

அளவுகோல் அதை வகுத்த தொழிலில் இருப்பவர்களையும் விடுவதில்லை. 2022 மே 16 அன்று, ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பெங்களூருவில், கன்னட சீரியல் நடிகை சேத்தனா ராஜ் தனியார் கிளினிக் ஒன்றில் கொழுப்பு நீக்கும் சிகிச்சைக்குப் பிறகு இறந்துபோனார். அவருக்கு வயது 21. ‘இவர்கள் கோடிகளில் சம்பாதிக்கிறார்கள், புகழை விரும்பி வந்தவர்கள், படமெடுத்தால் என்ன?’ என்று சொல்பவர்களுக்கு இதை நினைவூட்ட வேண்டும். எல்லா நடிகையும் கோடீஸ்வரி இல்லை. சீரியலில் நடிப்பவர்களில் பலருக்கு அடுத்த வாய்ப்பே அடுத்த மாத வாடகை. அவர்கள் முகத்தையும் இடுப்பையும் நாள்தோறும் அளக்கும் கூட்டத்தில், ஒளிந்திருந்து எடுத்த படத்தைப் பகிரும் நாமும் இருக்கிறோம்.

ஆனால் புகழ்பெற்றவர்களைக் கேள்வியே கேட்கக் கூடாது என்று சொல்லவில்லை. கேட்க வேண்டிய இடம் அவர்கள் விற்கும் பொருள். 1975ல் இந்தியச் சந்தைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ க்ரீம், நிறம் ஏறினால் வேலையும் வரனும் கிடைக்கும் என்ற கதையைப் பத்தாண்டுக்கணக்கில் வீடுவீடாகச் சொன்னது. சென்னையைச் சேர்ந்த ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு 2009ல் தொடங்கிய ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ இயக்கமும், பின்னர் அதில் சேர்ந்த நடிகை நந்திதா தாஸின் குரலும் இந்த விளம்பரங்களை நேராக எதிர்த்தன. கருத்தவர்களைத் தோற்றுப்போனவர்களாகச் சித்திரிக்கக் கூடாது என்று 2014ல் விளம்பரத் துறையின் ஒழுங்கு அமைப்பே விதி வகுத்தது. 2020ல் அந்த க்ரீம் தன் பெயரிலிருந்த ‘ஃபேர்’ஐ எடுத்துவிட்டு ‘க்ளோ’ என்று வைத்துக்கொண்டது. பொய்யான விளம்பரத்தில் நடிப்பவருக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும், ஓராண்டு வரை விளம்பரத் தடையும் விதிக்க 2019ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழி செய்திருக்கிறது. ஒரு நடிகையோ நடிகரோ தான் பயன்படுத்தாத க்ரீமைப் பயன்படுத்துவதாகச் சொன்னால் அதைக் கேள்வி கேட்க நமக்கு முழு உரிமை உண்டு. அவர் காலையில் பால் வாங்கப் போன முகம் நம் உரிமைக்குள் வராது.

மேக்கப்பையே எதிரியாக்கும் வாதமும் எனக்கு உடன்பாடானது இல்லை. மூக்கண்டப்பள்ளியிலும் ஓசூரின் பிற பகுதிகளிலும் பெண்கள் நடத்தும் பியூட்டி பார்லர்கள் அந்தப் பெண்களுக்குச் சொந்த வருமானத்தைத் தருகின்றன. அங்கே போகும் பெண் தன் உழைப்புப் பணத்தில் தனக்காகச் செலவிடும் ஒரு மணி நேரம் அது. பொட்டு, மை, மஞ்சள், மருதாணி, பூ என்று அலங்காரம் நம்மிடம் என்றும் இருந்தது. வெளுப்பை விரும்புவதும் அப்படித்தான் பழையது, மாற்ற முடியாது என்று சிலர் வாதிடுவார்கள். நம் இலக்கியம் அதற்குச் சாட்சி சொல்லவில்லை. சங்கப் பாடல்களில் தலைவியின் அழகு மாந்தளிர் போன்ற மாமை நிறம். பிரிவால் அது வெளிறிப் பசலை படர்வதே நோய். திருக்குறளில் பசலைக்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. வெளிறுவதைத் துயரமாகப் பார்த்த சமூகம் இன்று வெளிறுவதற்குப் பணம் கொடுக்கிறது என்றால், இடையில் யாரோ இந்த விருப்பத்தைக் கட்டியிருக்கிறார்கள். கட்டப்பட்டதை மாற்றவும் முடியும்.

எங்கே தொடங்குவது என்றால், முதலில் இந்தப் படங்களை வெளியிடும் ஊடகங்கள். ஒரு நடிகையின் விழாப் படத்தைப் போடும்போது அதற்கு எத்தனை பேர் எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள், என்ன வெளிச்சம், கணினியில் என்ன மாற்றம் என்று எழுதலாம். மேக்கப் கலைஞர், டி.ஐ. கலைஞர், லைட்மேன் ஆகியோரைப் பேட்டி காணலாம்; வாசகருக்கு அதில் சுவைக்கும் குறைவிருக்காது, அவர்கள் தொழிலுக்கும் மரியாதை கிடைக்கும். ‘திருத்தப்பட்டது’ என்ற ஒற்றை வரி செய்ய முடியாததை வேலையின் முழு விவரம் செய்யக்கூடும் என்று நம்புகிறேன், ஏனென்றால் அது கண்ணுக்கு ஒப்பிட வேறு பொருளைத் தருகிறது. பள்ளிகளில், குறிப்பாக ஒன்பதாம் பத்தாம் வகுப்புகளில், ஒரு போனும் ஒரு மேசை விளக்கும் இருந்தால் போதும்; விளக்கை இடம் மாற்றினால் ஒரே முகம் எப்படி மாறுகிறது என்று மாணவிகளே எடுத்துப் பார்க்கலாம். வரன் தேடும் விளம்பரங்களில் ‘நல்ல நிறம்’ என்று எழுதும் வழக்கத்தைப் பெற்றோர் விட வேண்டும். ஒரு திருமண இணையதளம் 2020ல் எதிர்ப்புக்குப் பிறகு நிறத்தை வைத்துத் தேடும் வசதியை நீக்கியதை நினைத்தால், இது முடியாத காரியம் இல்லை. நிறுவனங்கள் தங்கள் ஹாஸ்டல்களில் நடத்தும் மருத்துவ முகாம்களில் சர்க்கரை, ரத்த அழுத்தத்தோடு ‘முகத்துக்கு என்ன க்ரீம் போடுகிறீர்கள்?’ என்ற கேள்வியையும் சேர்க்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத, உரிம எண் இல்லாத டப்பாவைப் பயன்படுத்தி வருபவர்கள் அதை அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குக் கையோடு எடுத்துச் சென்று காட்டுவது நல்லது. ஸ்டீராய்டு க்ரீமைத் திடீரென நிறுத்தினால் முகம் மோசமாகும் என்பதால், எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்பதை மருத்துவர்தான் சொல்ல முடியும். கால் வீக்கமோ சிறுநீரில் அதிக நுரையோ இருந்தால் அதையும் அவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். கோட்டக்கல்லில் நோயின் காரணம் தெரிய வந்ததே மருத்துவர்கள் க்ரீமைப் பற்றிக் கேட்ட பிறகுதான்.